நடக்க இயலாதவர்க்கு நாற்கால் துணை

குதிரை என்றதும் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வாழ் மக்களின் நினைவில் எழுவது எது? கிண்டிப் பந்தயத் திடலும், அங்கே சூதில் பொருளிழந்த குடும்பங்களின் கண்ணீருமே அல்லவா! ஆயினும் குதிரைக்கும் நமக்கும் உள்ள உறவு பந்தயத்தோடு தொடங்கியதன்று. திருக்குர்ஆனின் நூறாவது அத்தியாயமான ‘அல்ஆதியாத்’ விரைந்தோடும் குதிரைகளால் பெயர் பெற்றது. ஹுர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் அரபுக் குதிரைகள் காயல் துறைமுகத்தில் வந்திறங்கிய செய்தியை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ குறித்துள்ளார். ‘இராவுத்தர்’ என்னும் பெயரே குதிரை வீரரைக் குறிப்பதுதான்.

போருக்கும் வணிகத்திற்கும் துணை நின்ற இப்பிராணி, கால்கள் செயலிழந்தோர்க்கும் துணையாகக்கூடும் என்பதை உலகறியச் செய்தவர் ஒரு பெண்மணி. டென்மார்க் நாட்டின் லிஸ் ஹார்டெல் என்பது அவர் பெயர்.

படுக்கையிலிருந்து சேணத்திற்கு

1921ஆம் ஆண்டில் பிறந்த லிஸ், இளமை முதலே குதிரையோடு வளர்ந்தவர். ‘டிரெஸ்ஸாஜ்’ எனப்படும் போட்டியில் வேகத்திற்கு இடமில்லை. குதிரையை நடை பிறழாது, ஓசையின்றி இயக்கும் நுட்பமே அதில் மதிப்பிடப்படும். அப்போட்டியில் இருபத்திரண்டு வயதிலேயே அவர் தம் நாட்டின் வாகை சூடினார்.

1944ஆம் ஆண்டில், இரண்டாம் குழந்தையைக் கருவில் சுமந்திருந்தபோது, இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. உடல் ஏறத்தாழ முழுவதும் செயலற்றுப் போயிற்று. எனினும் குழந்தை நலமாகப் பிறந்தது. கைகளை உயர்த்தவும், தவழவும், ஊன்றுகோல்களின் துணையோடு அடியெடுத்து வைக்கவும் அவர் ஒரு சிசுவைப்போல் மீண்டும் கற்க வேண்டியதாயிற்று. முழங்காலுக்குக் கீழே அசைவு இறுதிவரை திரும்பவேயில்லை.

குதிரையேற்றத்தில் காலே ஆணையிடும் உறுப்பு. அக்கால் இல்லாதவர் என்ன செய்வார்? ‘ஜூபிலி’ என்ற தம் குதிரைக்கு, உடலின் பாரத்தையும் முதுகின் சிறு அசைவையும் கட்டளையாக உணர்ந்துகொள்ள அவர் பொறுமையோடு பயிற்சியளித்தார்.

1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் இப்போட்டி முதன்முறையாகப் பெண்களுக்குத் திறந்துவிடப்பட்டது. குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி தேவைப்பட்ட லிஸ், ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956ஆம் ஆண்டிலும் அவருக்கே வெள்ளி கிடைத்தது. அதன்பின் குதிரையேற்றம் கற்பிப்பதிலும், ஊனமுற்றோர்க்கான குதிரைப் பயிற்சியைப் பரப்புவதிலும் உழைத்தார். 2009ஆம் ஆண்டில் மறைந்தார். அவரது வெற்றி பிற நாடுகளிலும் இத்துறைக்கு ஊக்கமளித்தது. 1969ஆம் ஆண்டில் பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் இதற்கெனச் சங்கங்கள் எழுந்தன. நம் அண்டை நகரான பெங்களூருவில் புஷ்பா போப்பையா என்னும் பெண்மணி, சிறப்புத் தேவையுடைய குழந்தைகளுக்காக இப்பணியை மேற்கொண்டவர்.

குதிரையின் நடை செய்வதென்ன?

இதில் மந்திரமோ மாயமோ இல்லை. குதிரை நடக்கும்போது அதன் மீது அமர்ந்தவரின் இடுப்பு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அசைந்து, சற்றே சுழலவும் செய்கிறது. மனிதன் தன் கால்களால் நடக்கும்போது இடுப்பு அசைவதும் ஏறத்தாழ இவ்வாறே. ஆகவே ஒரு நாளும் நடந்திராத குழந்தையின் உடல், நடையின் தாளத்தை உணர்கிறது. விழாதிருக்கும் பொருட்டு முதுகும் வயிற்றுத் தசைகளும் தாமே இயங்குகின்றன. குதிரையின் உடல் வெப்பமோ இறுகிய தசைகளைத் தளர்த்த உதவுகிறது. மூளை முடக்குவாதம் உற்ற குழந்தைகளிடம் சமநிலை மேம்படுவதையும், ஆட்டிசம் உள்ள சிறாரிடம் எரிச்சலும் படபடப்பும் தணிவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும் நோயை வேரோடு அகற்றும் மருந்தன்று இது. இயன்முறை மருத்துவத்திற்குத் துணை மட்டுமே.

எச்சரிக்கையும் வேண்டும். மெரினாவில் காசுக்குச் சவாரி விடும் குதிரையில் பிள்ளையை ஏற்றிவிடுவது இச்சிகிச்சை ஆகாது. முறையான பயிற்சியில் சாந்தமான குதிரை, தலைக்கவசம், கயிறு பிடித்து நடத்த ஒருவர், தேவைக்கேற்ப இருபுறமும் உடன் நடக்க இருவர் என அனைத்தும் வேண்டும். அடங்காத வலிப்பு, இடுப்பு மூட்டு விலகல், கழுத்தெலும்புத் தளர்ச்சி உடையோரை மருத்துவர் ஒப்புதலின்றி ஏற்றலாகாது.

நம் இல்லங்களில்…

வாசகப் பெருமக்களே! ஒவ்வொரு குடும்பத்திற்கும் குதிரை கிடைக்குமா என்று கேட்பீர்கள். கிடைக்காதுதான். ஆனால் லிஸ்ஸின் வாழ்வு நம்மிடம் கேட்பது குதிரையை அன்று. நடக்க இயலாத பிள்ளையை, விருந்தினர் வரும்போது உள்ளறைக்குக் கொண்டுபோய் மறைக்கும் வழக்கம் இன்னும் நம்மிடையே உண்டல்லவா? அப்பிள்ளை பெண்ணாயின் இரண்டு திரைகள்! ‘இவளைப் படிக்கவைத்து என்ன பயன்? இவளை யார் நிக்காஹ் செய்வார்?’ என்ற பேச்சு அவள் காதிலேயே விழுகிறது. ‘அல்லாஹ்வின் நாட்டம்’ என்று சொல்லிவிட்டுச் சிகிச்சையைக் கைவிடுவது தவக்குல் ஆகாது. முயற்சி செய்தபின் இறைவனைச் சார்ந்திருப்பதே தவக்குல்.

தென்சென்னைப் புறநகர் மக்களுக்கு வழியும் தொலைவில் இல்லை. பல்வகைக் குறைபாடுடையோருக்கென மத்திய அரசு 2005ஆம் ஆண்டில் நிறுவிய தேசிய நிறுவனம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில்தான் இருக்கிறது. குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை, உட்காரத் தாமதமாகிறது என்று கண்டால் ‘நாளடைவில் சரியாகும்’ என்று காத்திராதீர்கள். அங்கோ, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். இளம் வயதில் தொடங்கும் பயிற்சிக்கே பலன் அதிகம்.

இடுப்பில் பிள்ளையைச் சுமந்து பேருந்து ஏறும் தாயோடு, மாதத்தில் ஒருநாள் உடன் செல்ல அண்டை வீட்டாராகிய நாமும் முன்வரலாமே!