சிவந்த பாறை நாட்டில் சைக்கிள் பயணம்: ஒரு தண்ணீர்க் கணக்கு

நம் சங்கத்துப் பிள்ளைகளிடையே சைக்கிள் ஆர்வம் மீண்டும் தலைதூக்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. அமெரிக்காவிலுள்ள அண்ணனோ அத்தை மகனோ அனுப்பும் சிவந்த பாறைப் பள்ளத்தாக்குப் படங்களைப் பார்த்துவிட்டு, "இப்படி ஓர் இடம் நம் நாட்டில் உண்டா? அங்கே சைக்கிளில் போக முடியுமா?" என்று கேட்கிறார்கள். உண்டு, போகவும் முடியும். ஆனால் நாற்புறமும் காயல் சூழ்ந்த வல்லார்பாடத்தில் வளர்ந்தவர்கள் வறண்ட நாட்டுக்குப் போகும்முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கே இருக்கிறது?

ஆந்திராவில் கடப்பா மாவட்டத்தில் ஜம்மலமடுகு என்ற ஊருக்கு மேற்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் கண்டிக்கோட்டை இருக்கிறது. தெலுங்கில் 'கண்டி' என்றால் மலையிடுக்கு. எர்ரமலைக் குன்றுகளைப் பிளந்துகொண்டு பெண்ணாறு அங்கே பாய்கிறது. 'எர்ர' என்றால் சிவப்பு. ஆற்றின் விளிம்பிலேயே பெம்மசானி நாயக்கர்கள் ஆண்ட கோட்டை நிற்கிறது. அதற்குள் மாதவராயர் கோயில், ரங்கநாதர் கோயில், ஜாமியா மசூதி, பெரிய தானியக் களஞ்சியம் ஆகியவற்றைக் காணலாம்.

பெண்ணாறு நமக்கு அந்நிய ஆறு அல்ல. கர்நாடகத்து நந்திமலைப் பகுதியில்தான் அதுவும் பிறக்கிறது, நம் தென்பெண்ணையும் பிறக்கிறது. இது வடக்கே போய் நெல்லூர் அருகே கடலில் கலக்கிறது.

அங்குள்ள பாறை குவார்ட்சைட் எனப்படும் கடினமான மணற்கல் வகை. வயது 150 கோடி ஆண்டுகளுக்கும் மேல். மணலாகப் படிந்து, இறுகிக் கல்லானது. மணிகளுக்கிடையே உள்ள இரும்புத் துரு அதற்குச் சிவப்பு நிறத்தைத் தருகிறது. இந்தப் பாறையில் இயற்கையாகவே நெட்டுக்குத்தான வெடிப்புகள் உண்டு. ஆறு அடியை அரிக்க அரிக்க, மேலே உள்ள கல் அந்த வெடிப்பு வழியே செங்கல் செங்கலாகப் பெயர்ந்து விழுகிறது. ஆகவே கரை சரிவாக இல்லாமல் சுவர்போல் நிற்கிறது.

நம் வீட்டு அடுக்களை மேடையில் போட்டிருக்கும் கடப்பைக் கல்லும் அந்த வட்டாரத்திலிருந்து வருவதுதான். அது சுண்ணாம்புக் கல் வகை.

கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது

இந்தச் சுவர்தான் பயணிக்குச் சிக்கல். மேலே நின்று பார்த்தால் கீழே ஆறு பளபளக்கும். ஆனால் இறங்கிப்போய் எடுக்க வழியில்லை. எதிர்க்கரை கூப்பிடு தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். சைக்கிளில் அங்கே போக வேண்டுமானால் பல கி.மீ. சுற்ற வேண்டும். ஆகவே படத்தில் அளந்த தூரத்தை நம்பிப் புறப்படக் கூடாது.

அமெரிக்காவில் உட்டா மாநிலத்துக் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் 'ஒயிட் ரிம்' என்ற புகழ்பெற்ற பாதை உண்டு. நீளம் ஏறத்தாழ 160 கி.மீ. 1950-களில் யுரேனியம் தேடுவதற்காக அந்நாட்டு அணுசக்தி ஆணையம் அமைத்த மண் சாலை அது. இன்று சைக்கிள்காரர்கள் மூன்று, நான்கு நாட்களில் அதைச் சுற்றி வருகிறார்கள். கொலராடோ, கிரீன் என்ற இரண்டு பெரிய ஆறுகள் கீழே ஓடுகின்றன. இருந்தும் வழியில் ஓரிடத்திலும் குடிநீர் கிடையாது. அதனால் பல குழுக்கள் தண்ணீரைச் சுமந்துவர ஒரு வண்டியைக் கூடவே அழைத்துப் போகின்றன. பூங்காவின் அனுமதிச் சீட்டும் தேவை. நம் உறவுப் பிள்ளைகள் அங்கே போவதானால் இந்த இரண்டையும் நினைவூட்டுங்கள்.

கண்டிக்கோட்டையில் நிலைமை அவ்வளவு கடுமை அல்ல. ஊர்கள் உண்டு, "மஞ்சி நீள்ளு" என்று கேட்டால் குடிநீர் கொடுப்பார்கள். ஆனால் ஊருக்கும் ஊருக்கும் இடையே வெயிலில் நிழலே இல்லாத நீண்ட துண்டுகள் இருக்கின்றன.

எஞ்சினும் மனிதனும்

நான் ரயில்வேயில் சேர்ந்தபோது நீராவி எஞ்சின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. ஒருமுறை நிரப்பிய தண்ணீரில் எஞ்சின் எவ்வளவு தூரம் ஓடும், ஏற்றத்தில் எவ்வளவு கூடுதலாகக் குடிக்கும் என்று கணக்கிட்டே, தண்ணீர் பிடிக்கும் நிலையங்களை அந்நாளில் அமைத்தார்கள். சைக்கிள் பயணத்துக்கும் அதே முறை பொருந்தும்.

சைக்கிள், சாமான், ஆள் எல்லாம் சேர்ந்து 90 கிலோ என்று கொள்வோம். இதை 100 மீட்டர் உயரம் ஏற்ற ஏறத்தாழ 21 கிலோ கலோரி வேலை தேவை. ஆனால் நம் உடல் செலவிடும் சக்தியில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்குதான் வேலையாகிறது, மீதி வெப்பமாகிறது. அதாவது 21 கலோரி வேலைக்கு ஏறத்தாழ 65 முதல் 85 கலோரி வெப்பம் உடலில் சேரும். இந்த வெப்பத்தை வெளியேற்றும் வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் போகும். ஆகவே 100 மீட்டர் ஏற்றத்துக்கு மட்டும் 110 முதல் 150 மில்லி தண்ணீர் செலவு. சமதளத்தில் மிதமாக ஒரு மணி நேரம் மிதித்தால் அரை லிட்டருக்கு மேல் போகும். மேலிருந்து வெயிலும் பாறையிலிருந்து வெக்கையும் சேர்ந்தால் மணிக்கு முக்கால் லிட்டர், சிலருக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. ஆறு மணி நேரப் பயணத்துக்கு நாலரை லிட்டர், கையிருப்பு ஒன்றரை லிட்டர், ஆக 6 லிட்டர். அது 6 கிலோ எடை. வழியில் நிரப்பும் ஊர் எது என்று முன்பே குறித்துக்கொண்டால் சுமையைப் பாதியாக்கலாம்.

கொச்சிக்காரர்களுக்கு உள்ள தனி ஆபத்து

கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மி.மீ. மழை. கண்டிக்கோட்டைக்கு மேற்கே உள்ள அனந்தபூரிலோ 550 மி.மீ. அளவுதான். இங்கே காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை காயாமல் சொட்டுகிறது, சட்டை நனைகிறது, நாமும் உடனே தண்ணீரைத் தேடுகிறோம். அங்கே வியர்வை வந்த கணமே உலர்ந்துவிடும். சட்டை நனையாது. "எனக்கு வேர்க்கவே இல்லை" என்று பிள்ளை உற்சாகமாகச் சொல்லும் நேரத்தில் அவன் உடலிலிருந்து ஒரு லிட்டர் போயிருக்கும். சட்டையில் வெள்ளை உப்புக் கோடு தெரிந்தால் அதுவே சாட்சி.

உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் குறைந்தாலே உழைக்கும் சக்தி குறையத் தொடங்கும். 65 கிலோ எடையுள்ளவருக்கு அது 1.3 லிட்டர்தான். ஆகவே தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சில மடக்குகள் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரையே அளவின்றிக் குடிப்பதும் தவறு; இரத்தத்தில் உப்பு குறைந்துபோகும். உப்புப் போட்ட மோர், மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசல், கடலை மிட்டாய் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளவும்.

சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தாலும், தலைவலி, குமட்டல் வந்தாலும் நிழலில் நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டும். பேச்சு குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ அது வெப்பத் தாக்கு. உடனே நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறி, 108-ஐ அழைக்கவும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

புறப்படும்முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சைக்கிளில் போகும்முன் எடை பார்க்கவும். கோஷ்ரீ பாலங்களில் ஒரு மணி நேரம் ஏறி இறங்கிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடை பார்க்கவும். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் தண்ணீர். இடையில் குடித்ததையும் கூட்டிக்கொள்ள வேண்டும். நம் தீவில் ஏற்றப் பயிற்சிக்கும் இந்தப் பாலங்களை விட்டால் வேறு இடமில்லை.

நான்கு நாள் வழி

நவம்பர் முதல் பிப்ரவரி தொடக்கம் வரை ஏற்ற காலம். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், போகவே வேண்டாம்.

எர்ணாகுளம் வழியாகச் செல்லும் கன்னியாகுமரி–புனே எக்ஸ்பிரஸ் கடப்பா வழியாகப் போகிறது. சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் உங்கள் டிக்கெட்டைக் காட்டி 'லக்கேஜ்' ஆகப் பதிவு செய்யுங்கள். அதே வண்டியின் பிரேக் வேனில் வரும். 'பார்சல்' ஆகப் பதிந்தால் வேறு வண்டியில் பிறகு வரக்கூடும். வண்டி அதிக நேரம் நிற்காத சிறிய நிலையத்துக்குப் பதியாமல் கடப்பாவுக்கே பதிவது நல்லது. அங்கிருந்து ஜம்மலமடுகு ஏறத்தாழ 70 கி.மீ.; சிறு டெம்போவில் போகலாம். எர்ரகுண்ட்லா–நந்தியால் பாதை 2016-இல் முழுமையடைந்த பிறகு ஜம்மலமடுகுக்கும் ரயில் உண்டு.

முதல் நாள் ஜம்மலமடுகில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு காலையிலேயே கண்டிக்கோட்டை ஏறிவிடலாம். தூரம் 15 கி.மீ.தான் என்றாலும் ஏற்றம். அங்கே சுற்றுலாத் துறை விடுதி உண்டு. இடம் கேட்டு உறுதி செய்துகொள்ளவும். இரண்டாம் நாள் கோட்டையைச் சுற்றிப் பார்க்க. பள்ளத்தாக்கின் விளிம்பில் தடுப்புக் கம்பி கிடையாது. சைக்கிளைக் கோட்டையில் விட்டுவிட்டு நடந்தே போகவும், இருட்டியபின் போகவே வேண்டாம்.

மூன்றாம் நாள் இறங்கி வடமேற்கே பேலம் குகைகளுக்கு ஏறத்தாழ 60 கி.மீ. விடியும்போதே கிளம்பினால் பதினொரு மணிக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். சுண்ணாம்புக் கல்லை நிலத்தடி நீர் கரைத்து உண்டாக்கிய குகை அது, 3 கி.மீ.க்கு மேல் அளந்திருக்கிறார்கள். 1884-இல் அதைப் பற்றிக் குறிப்பு எழுதிய ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவரே 1863-இல் சென்னைப் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தவர். நான்காம் நாள் தாடிபத்ரிக்கு 30 கி.மீ. பெண்ணாற்றங்கரையில் விஜயநகரக் காலக் கோயில்களைத் தரிசித்துவிட்டு, அங்கேயே சென்னை–மும்பை மார்க்கத்தில் ரயில் ஏறலாம்.

சிமெண்ட் ஆலைகள் உள்ள வட்டாரமாதலால் லாரிகள் அதிகம். பின்பக்கம் சிவப்பு விளக்கும் பிரதிபலிப்பானும் கட்டாயம். சாலையோரம் சீமைக் கருவேல முள் இருக்கும். அகலமான டயர் போட்டு, ஆளுக்கு இரண்டு ட்யூப், பஞ்சர் சாமான், காற்றடிக்கும் பம்ப் எடுத்துச் செல்லவும்.

பெற்றோர் செய்ய வேண்டியது

பிள்ளைகளைத் தனியே அனுப்பத் தயங்கும் பெற்றோர் பயணத்தைத் தடுக்க வேண்டியதில்லை. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் அமர்த்தி, தண்ணீர்க் கேன்களோடு பின்னால் போகலாம். ஒவ்வொரு 15 கி.மீ.க்கும் வேன் முன்னே சென்று நின்று, எல்லோரும் வந்து குடித்த பிறகே நகர வேண்டும். கடைசியில் வருபவர் வந்து சேராமல் முதலில் வந்தவர் கிளம்பக் கூடாது. இந்த ஒரு விதியைக் குழுவில் எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு டிக்கெட் எடுங்கள்.