ஹேக்கிங் என்றால் திருட்டுப் படிப்பா?



நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவின் கூட்டத்தில் ஒரு சகோதரி 40,000 ரூபாய் உள்கடன் கேட்டார். எதற்கு என்று விசாரித்தோம். "என் மக எத்திக்கல் ஹேக்கிங் படிக்கணுங்கிறா. டவுன்ல ஒரு சென்டர்ல மூணு மாசக் கோர்ஸ். முடிச்சா வேலை நிச்சயம்னு சொல்றாங்க" என்றார். உடனே இன்னொருவர், "ஹேக்கிங்னா அடுத்தவங்க பேங்க் பணத்தை எடுக்கிறதாச்சே! திருட்டுக்கா கடன் கொடுக்கிறது?" என்று கேட்டுவிட்டார். அந்தத் தாய்க்கு முகம் வாடிப் போயிற்று. "விசாரித்து அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வது" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். விசாரித்துத் தெரிந்து கொண்டதை எல்லாக் குழுக்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

சம்மதம்தான் வித்தியாசம்

வீட்டுச் சாவி தொலைந்தால் பூட்டு ரிப்பேர்காரரைக் கூப்பிடுகிறோம். அவர் பூட்டைத் திறந்து கொடுக்கிறார். அதையே நமக்குத் தெரியாமல் ராத்திரியில் வந்து செய்தால் திருட்டு. கைவேலை ஒன்றுதான், நம் சம்மதம் இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். வங்கிகளும் கம்பெனிகளும் எழுத்து மூலம் அனுமதி கொடுத்து, "எங்கள் கம்ப்யூட்டரில் எங்கே ஓட்டை இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஆள் வைக்கின்றன. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்க வழி சொல்பவர்தான் எத்திக்கல் ஹேக்கர்.

அனுமதி இல்லாவிட்டால் என்ன ஆகும்? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66-ன்படி, கெட்ட எண்ணத்தோடு அடுத்தவர் கம்ப்யூட்டரில் அனுமதியின்றி நுழைந்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "சும்மா விளையாட்டுக்குச் செஞ்சேன்" என்றாலும், பிரிவு 43-ன்படி நஷ்டஈடு கட்ட நேரிடலாம். பக்கத்து வீட்டு வைஃபை பாஸ்வேர்டை உடைத்துப் பார்ப்பதும் இதில் வரும். பிள்ளைகளிடம் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மிராய் சொல்லும் பாடம்

2016-ல் அமெரிக்காவில் மூன்று இளைஞர்கள் மிராய் என்ற நாச புரோகிராமை உருவாக்கினார்கள். வீட்டு வைஃபை ரூட்டர், கண்காணிப்பு கேமரா போன்றவை கம்பெனியிலிருந்து வரும்போதே ஒரு பாஸ்வேர்டுடன் வருகின்றன. பலர் அதை மாற்றுவதே இல்லை. அப்படிப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்து, லட்சக்கணக்கான கருவிகளை மிராய் தன் கைக்குள் கொண்டு வந்தது. அந்த புரோகிராம் பிறகு ஊரெல்லாம் பரவியது. 2016 அக்டோபர் 21 அன்று மிராய் பிடியில் இருந்த கருவிகளால் நடந்த தாக்குதலில் ட்விட்டர் போன்ற பெரிய இணையதளங்களே பல மணி நேரம் திண்டாடின. மூவரும் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2018-ல் ஆளுக்கு 2,500 மணி நேரம் சமூக சேவையும் நஷ்டஈடும் தண்டனையாகக் கிடைத்தன. படிப்பு இருந்தது, அதை வைத்த இடம்தான் தப்பு.

வீட்டிலேயே கற்பது எப்படி?

1. முதலில் நெட்வொர்க் அடிப்படை. ஐ.பி. முகவரி என்பது வீட்டு விலாசம் மாதிரி. போர்ட் என்பது அந்த வீட்டின் கதவுகள் மாதிரி. எந்தக் கதவு தேவையில்லாமல் திறந்து கிடக்கிறது என்று பார்ப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

2. அடுத்து லினக்ஸ், பைத்தான். இரண்டும் இலவசம். பிள்ளைக்குப் பள்ளியில் கொடுத்த பழைய இலவச லேப்டாப் ஓடுகிற நிலையில் இருந்தால் இதற்குப் போதும்.

3. பிறகு பயிற்சிக்கூடம். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால், ஒரே லேப்டாப்புக்குள் இரண்டு மூன்று கம்ப்யூட்டர்கள் இருப்பது போல வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் காலி லினக்ஸ். இன்னொன்றில், பழகுவதற்காகவே ஓட்டைகளோடு செய்யப்பட்ட மெட்டாஸ்ப்ளாய்டபிள். இரண்டும் வெளி இன்டர்நெட்டோடு சேராமல் தங்களுக்குள் மட்டும் பேசும்படி அமைக்க வேண்டும். இதற்கு 8 ஜி.பி. ராம் உள்ள லேப்டாப் இருந்தால் நல்லது.

4. பாடம் கேட்க என்.பி.டி.இ.எல். இருக்கிறது. காரக்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் நடத்திய எத்திக்கல் ஹேக்கிங் பாடம் அதில் உண்டு. வீடியோ பார்க்கப் பணம் இல்லை. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க மட்டும் கட்டணம். பாடம் ஆங்கிலத்தில் இருக்கும், நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம்.

மூன்று மாதத்தில் முடித்துவிட்டு வேலைக்குப் போகிற படிப்பல்ல இது. தினமும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பழக வேண்டும். வேலை நிச்சயம் என்று சொல்லி முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டால் யோசியுங்கள். ஆறு மாதம் வீட்டில் பழகிய பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால், அப்புறம் கட்டணப் படிப்பைப் பற்றிப் பேசலாம்.

குழு எடுத்த முடிவு

அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் எடுத்துச் சொன்னோம். 40,000 ரூபாய் கோர்ஸுக்கு வேண்டாம், பழைய லேப்டாப் ஒன்று வாங்க 15,000 ரூபாய் கடன், 10 தவணை என்று தீர்மானம் ஆயிற்று. அந்தத் தாய் மனநிறைவோடு கையெழுத்துப் போட்டார். திருட்டுப் படிப்பு என்று சொன்ன சகோதரி வீட்டு ரூட்டர் பாஸ்வேர்டைத்தான் அந்தப் பெண் முதலில் மாற்றிக் கொடுத்தாள். அவரைக் கேட்டுக்கொண்டு, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்தாள். "இதுக்கா நான் அப்படிச் சொன்னேன்" என்று அவரே சிரித்தார்.

சகோதரிகளே, இந்த வாரமே நாம் எல்லோரும் செய்ய வேண்டியவை: ரூட்டரோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுவோம். குழு வங்கிக் கணக்கோடு இணைந்த போனுக்கு வரும் ஓ.டி.பி.யை யார் கேட்டாலும் சொல்லாதிருப்போம். பணம் பறிபோனால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930 எண்ணுக்குப் போன் செய்வோம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

உங்கள் வீட்டுப் பெண் இந்தப் படிப்பைக் கேட்டால் பயப்பட வேண்டாம். "யார் கம்ப்யூட்டர்? அவங்க சம்மதம் இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். சரியான பதில் சொன்னால் தாராளமாகப் படிக்கட்டும்.