செயின்ட் லாரன்ஸ் ஃபுளூரைட்

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில், தென்கடற்கரையோரம் உள்ள மீனவ ஊர் செயின்ட் லாரன்ஸ். அங்குள்ள கருங்கல் சுமார் 37 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. அது ஆறி இறுகியபோது விழுந்த வெடிப்புகளில், ஃபுளூரின் கலந்த வெந்நீர் ஏறி, சுவரையொட்டிப் படலம் படலமாகக் கனிமத்தைப் படியவிட்டது. அப்படி உருவானவையே ஃபுளூரைட் நரம்புகள். வெட்டிப் பார்த்தால் ஊதாவும் பச்சையுமாகப் பட்டைகள் தெரியும். இடையிடையே குவார்ட்ஸ் இருக்கும். ஃபுளூரைட்டைக் கத்தியால் கீறினாலே கோடு விழும்.

உருக்காலைகளுக்கும் அலுமினியத் தொழிலுக்கும் ஃபுளூரைட் இன்றியமையாதது. 1933இல் ‘பிளாக் டக்’ நரம்பில் கைக்கருவிகளால் தோண்டத் தொடங்கினார்கள். பிறகு நரம்பின் போக்கை அறியப் பள்ளம் வெட்டினார்கள், வைரமுனைத் துளைக்கருவியால் துளையிட்டார்கள், சுரங்கங்கள் ஆழமாயின.

அதற்குத் தொழிலாளர் கொடுத்த விலை மிகப் பெரிது. உலர்முறையில் பாறையைத் துளைத்ததால் கிளம்பிய தூசி நுரையீரலை அரித்தது. சுரங்கத்தில் கசிந்த நீரோடு ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் வந்துகொண்டிருந்தது. அது 1959இல்தான் கண்டறியப்பட்டது. அதற்குள் பலர் நுரையீரல் புற்றுநோய்க்குப் பலியாகிவிட்டனர்.

1978இல் மூடப்பட்ட சுரங்கத்தொழில் 1980களின் பிற்பகுதியில் சில ஆண்டுகள் மட்டும் நடந்தது; 2018இல் மீண்டும் தொடங்கி, 2022இல் மறுபடியும் நின்றது.