கலாசாலைக்குச் சென்ற பிள்ளையும் காத்திருக்கும் சமூகமும்

வராக நதியின் நீரால் நெல்லும் கரும்பும் வாழையும் செழிக்கும் ஜெயமங்கலத்திலிருந்தும், அதைச் சூழ்ந்த பெரியகுளம் வட்டாரத்துக் கிராமங்களிலிருந்தும், ஆண்டுதோறும் எத்தனையோ இளம் பிள்ளைகள் பெட்டியும் படுக்கையுமாக மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் உயர்கல்வியின் பொருட்டுப் புறப்படுகிறார்கள். குலதெய்வத்தின் திருநீற்றை நெற்றியிலிட்டு வழியனுப்பும் பெற்றோரின் உள்ளத்தில், பட்டம் பெற்றுத் திரும்பும் பிள்ளை நம் பிள்ளையாகவே திரும்புமா என்ற கேள்வி, வாய்விட்டுச் சொல்லப்படாவிடினும், இருக்கத்தான் செய்கிறது. கோடிக்கணக்கில் வாழும் தமிழ் மக்களுக்கே இக்கவலை உண்டென்றால், உலகம் முழுவதிலும் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரைக் கோடிப் பேரே உள்ள யூத சமூகத்துக்கு அது எத்துணைப் பெரியதாக இருக்கும்! அச்சமூகம் தன் கல்லூரி மாணவர்களைத் தன்னோடு பிணைத்துக்கொள்ள மேற்கொண்ட முயற்சிகளின் வரலாறு, பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் எல்லாரும் அறியத் தக்கது.

யூதர்களின் கூட்டுத் தொழுகை முழுமை பெறப் பதின்மர் கூடவேண்டும். பழைய மரபின்படி அவர்கள் பருவமெய்திய ஆடவராக இருத்தல் வேண்டும். ஒன்பது பேர் வந்து பத்தாமவர் வராவிட்டால் சில பிரார்த்தனைகளை ஓத இயலாது. வேதச்சுருளை எடுத்து விதிப்படி வாசிக்கவும் இயலாது. ஆதலால் ஓர் இளைஞன் தன் சமயத்தினின்று மெல்ல விலகிப்போவது, அவன் குடும்பத்தின் மனவருத்தத்தோடு முடிந்துவிடுவதில்லை; சிற்றூர்களில் அது சபை முழுவதன் வழிபாட்டையே குலைத்துவிடக் கூடும்.

இச்சமூகம் நமக்கு வெகுதூரத்து அந்நியமும் அன்று. கம்பம் பள்ளத்தாக்குக்கு மேற்கரணாக நிற்கும் மலைகளைக் குமுளி வழியே கடந்து கடற்கரை நோக்கி இறங்கினால், மிளகும் ஏலமும் தலைமுறை தலைமுறையாக வணிகமாகிவந்த கொச்சி மட்டாஞ்சேரியில், 1568-ஆம் ஆண்டில் எழுந்த பரதேசி யூத ஜெபாலயத்தைக் காணலாம். அந்தக் கொச்சியில் 1882-இல் பிறந்த ஆபிரகாம் பாராக் சாலெம், எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்து, பின்னர்ச் சென்னைக்கு வந்து பி.ஏ. பட்டமும் சட்டப் பட்டமும் பெற்றார். முன்னாளில் அடிமைகளாயிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் சந்ததியார் என்று சொல்லப்பட்ட பிரிவில் அவர் பிறந்திருந்தார். அப்பிரிவினருக்கு அந்த ஜெபாலயத்தில் சரியாசனம் இல்லை, வேதச்சுருளை ஓத அழைக்கப்படும் உரிமையும் இல்லை. சென்னையிலே நியாய சாஸ்திரத்தைக் கற்று வழக்கறிஞராகத் திரும்பிய ஒருவர், தம் சொந்த ஆலயத்தில் புறத்தே ஒதுங்கி நிற்கவேண்டியிருந்தது.

அத்தகைய நிலையில் கல்வி பெற்ற வேறொருவர் சமூகத்தையே உதறிவிட்டுப் போயிருக்கலாம். சாலெம் போகவில்லை. காந்தியடிகளின் சத்தியாக்கிரக நெறியை ஜெபாலயத்துக்குள்ளேயே கொண்டுசென்று, சில காலம் அதனைப் புறக்கணித்தும், பின்னர் உள்ளே சென்று உரிமை கோரியும், விடாது போராடினார். 1930-களின் நடுவில் பழைய தடைகள் பல தளர்ந்தன. கொச்சிச் சட்டசபையில் அங்கம் வகித்து, தொழிலாளருக்காகவும் பாடுபட்டு, 1929-இல் பூரண சுதந்திரத் தீர்மானம் நிறைவேறிய லாகூர் காங்கிரஸிலும் கலந்துகொண்ட அப்பெரியாரை, மக்கள் யூத காந்தி என்றே வழங்கினர். கல்வி அவரைத் தம்மவரிடமிருந்து பிரிக்கவில்லை. தம்மவரைத் திருத்தும் வலிமையையே அது அவருக்கு அளித்தது. அவரை ஒதுக்கிய சமூகத்தின் சிறுமையையும், ஒதுக்கப்பட்டும் அதனை விட்டு நீங்காத அவருடைய அபிமானத்தையும் சேர்த்து எண்ணிப் பார்க்கும்போது, படித்த இளைஞனுக்குச் சமூகம் முதலாவதாகத் தரவேண்டியது எது என்பது புலனாகிறது. அது சபையின் நடுவே ஓர் இடம்.

அதே காலத்தில் அமெரிக்காவிலும் இக்கேள்வி வேறு வடிவத்தில் எழுந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய ஏழை யூதர்களின் பிள்ளைகள் சர்வகலாசாலைகளுக்குள் புகுந்தபோது, ஒருபுறம் அவர்களுடைய தொகையைக் குறைக்கவேண்டுமென்ற எண்ணம் தலைதூக்கியது. 1922-இல் ஹார்வர்டின் தலைவர் லோவல் அவ்வாறு ஒரு வரையறையை முன்மொழிந்தார். மறுபுறம், தங்கள் மரபை மறந்தால்தான் முன்னேறலாம் என்று மாணவர் பலர் நம்பலாயினர். ஆயினும் அதற்கு முன்பே, ஹார்வர்டிலேயே 1906-இல் மாணவர்கள் மெனோரா சங்கம் என்றொரு சபையை நிறுவி, யூத வரலாற்றையும் இலக்கியத்தையும் கற்கத் தொடங்கியிருந்தனர்.

இதனினும் விரிந்த முயற்சி இல்லினாய்ஸ் சர்வகலாசாலையில் பிறந்தது. அங்கே விவிலிய இலக்கியம் போதித்த பேராசிரியர் எட்வர்டு பால்டுவின் ஒரு கிறிஸ்தவர். தம்மிடம் பயின்ற யூத மாணவர்கள் தங்கள் முன்னோரின் ஞானச் செல்வத்தையே அறியாதிருப்பதைக் கண்டு வருந்திய அவர், இதற்கு ஒரு வழி செய்யவேண்டும் என்று யூதப் பெரியோர்களைத் தூண்டினார். பெஞ்சமின் ஃபிராங்கல் என்ற இளம் யூத குருவின் தலைமையில் 1923-இல் ஒரு ஸ்தாபனம் அமைந்தது. மறு ஆண்டே ப்னாய் ப்ரித் என்னும் யூதப் பேரமைப்பு அதனை ஆதரிக்க முன்வந்தது. ஃபிராங்கல் 1927-இல் இளமையிலேயே மறைந்தார். எனினும் அவர் தொடங்கிய பணி நிலைத்து, இன்று உலகெங்கும் 500-க்கு மேற்பட்ட கல்லூரிகளில் நடைபெறுகிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஹில்லெல் என்ற யூத ஞானியின் பெயரை அந்த ஸ்தாபனத்துக்குச் சூட்டினார்கள். ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்துக்குள் வேதம் முழுவதையும் போதிக்கவேண்டும் என்று கேட்டு வந்த ஒருவனை, மற்றோர் ஆசான் விரட்டியடிக்க, ஹில்லெல் அவனை அன்புடன் ஏற்று, அறத்தின் சாரத்தைச் சுருங்கச் சொல்லி, மேலும் கற்கும்படி அனுப்பினார் என்பது மரபுவழிக் கதை. இளைஞர்களுக்கான ஸ்தாபனத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்தல் அரிது.

ஹில்லெல் ஸ்தாபனத்தின் நடைமுறை மிக எளிது. வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் வேளையிலிருந்து சனிக்கிழமை இரவு வரை யூதர்களுக்கு ஓய்வுநாள். அதனைக் கண்டிப்பாக அனுஷ்டிப்போர் அந்நேரத்தில் தீ மூட்டமாட்டார்கள், எழுதவும் மாட்டார்கள். பன்றி இறைச்சியை அவர்கள் எந்நாளும் உண்ணார். இறைச்சியையும் பாலையும் ஒன்றுசேர்த்துச் சமைக்கவும் மாட்டார்கள். விடுதியில் தனித்திருக்கும் மாணவனுக்கு இந்நியமங்களைக் காப்பது எளிதன்று. சனிக்கிழமையில் தேர்வு வந்தால் அவன் என்ன செய்வான்? ஆகவே விதிப்படி சமைத்த உணவுக்கு ஏற்பாடு செய்தல், தேர்வு நாளை மாற்றித் தரும்படி நிர்வாகத்திடம் எடுத்துரைத்தல், வெள்ளி மாலையில் விளக்கேற்றித் திராட்சை ரசத்துக்கும் ரொட்டிக்கும் வாழ்த்தோதி எல்லாரும் சேர்ந்து உண்ணும் விருந்தை நடத்துதல் ஆகியவையே முதற்பணிகளாயின. அவ்விருந்துக்கு வருவோரிடம் பக்தியை அளந்து பார்ப்பதில்லை. நியமம் தவறாதவரும், ஒன்றும் அறியாதவரும், பிற சமயத்து நண்பரும் ஒரே பந்தியில் அமர்வர்.

நாளடைவில் இன்னொன்றும் தெளிவாயிற்று. விருந்துக்கு வருகிறவர் எப்படியும் வருவர். வாராதவரை அழைப்பது எவ்வாறு? மண்டபத்தைப் பெரிதாகக் கட்டியோ, அறிவிப்பை உரக்கச் சொல்லியோ அவர்களை வருவிக்க இயலவில்லை. ஆதலால் மாணவர்களையே பொறுப்பாளராக்கி, தம்மோடு பயிலும் தோழனோடு தேநீர் அருந்தி, அவன் மனத்திலுள்ளதைக் கேட்டு, தம் அறையிலேயே நாலைந்து பேருக்கு விருந்து வைக்கும்படி பழக்கினார்கள். முதியவர் ஒருவரின் உபதேசம் சாதிக்காததைச் சகமாணவன் ஒருவனுடைய சினேகம் சாதித்தது.

இம்முயற்சியில் பூசல் இல்லாமலில்லை. இஸ்ரேல் தேசத்தின் அரசியலைப் பற்றி யாரைப் பேச அழைக்கலாம், யாரை அழைக்கலாகாது என்று தலைமை விதித்த வரம்பை எதிர்த்து, 2012 முதல் மாணவர் சிலரே இயக்கம் நடத்தினர். 2013-இல் ஸ்வார்த்மோர் கல்லூரியின் ஹில்லெல் மாணவர்கள் அவ்வரம்பை ஏற்கமாட்டோம் என வெளிப்படையாக அறிவித்தனர். கேள்வி கேட்கவே பழக்கிய சமூகம், கேள்வி தன் மீதே திரும்பும்போது செவிசாய்க்குமா என்பதே இதில் உள்ள சோதனை. கொச்சியில் சாலெம் எழுப்பியதும் அத்தகையதொரு கேள்விதான்.

கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். மட்டாஞ்சேரியில் தொழுகைக்குப் பதின்மர் சேர்வதே நாளடைவில் அரிதாயிற்று. ஆயினும் தொகைச் சிறுமை ஒன்றே ஒரு சமூகத்தைத் தளர்த்திவிடுவதில்லை. தொகையில் சிறியதாயினும் கல்வியால் தன்னையும் பிறரையும் உயர்த்தும் சமூகத்துக்கு உதாரணம் நம் பள்ளத்தாக்கிலேயே உண்டு. உத்தமபாளையத்தில் 1956-இல் முஸ்லிம் பெருமக்கள் நிறுவிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் பயில்கின்றனர்.

நம் கிராமத்துப் பிள்ளைகளும் இன்று நகரத்து விடுதிகளில் தனியே இருக்கிறார்கள். அவர்களுடைய மொழியும் வழிபாடும் ஊர்ப்பற்றும் நிலைக்கவேண்டுமாயின், பொங்கலுக்கு வரவில்லையே என்று தொலைபேசியில் குறைகூறுவது போதாது. அவர்கள் படிக்கும் ஊரில் நம்மவர் ஒருவர் வாரம் ஒருநாள் அவர்களை அழைத்துச் சோறிடட்டும். திருவிழாவின் ஒரு காரியத்தை அவர்கள் பொறுப்பிலேயே விட்டுவிடுவோம். சாதியையும் சடங்கையும் குறித்து அவர்கள் கேட்கும் கடினமான கேள்விகளுக்குக் கோபமின்றி விடை சொல்வோம். அக்கேள்வியில் நியாயம் இருந்தால் நாமும் மாறுவோம். இவ்வளவும் செய்யத் துணிந்த சமூகத்தை விட்டு அதன் பிள்ளைகள் எளிதில் நீங்கமாட்டார்கள்.