பி.எச்டிக்கு அப்புறமும் சம்பளத்தோடு ஆராய்ச்சி! ஜியோமெட்ரி படித்தவர்களுக்கு வாய்ப்பு

திமிரி: கணக்கில் பி.எச்டி முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், "இன்னும் எத்தனை வருஷம்தான் படிப்பே?" என்று தெருவே கேட்கும். பி.எச்டிக்கு அப்புறமும் ஒரு கட்டம் இருப்பது பல வீடுகளுக்குத் தெரியாது. 'போஸ்ட் டாக்' என்பார்கள். அது படிப்பு இல்லை, வேலை. பரீட்சை கிடையாது, மாதாமாதம் பணம் வரும்.

பி.எச்டியில் வழிகாட்டி கையைப் பிடித்துக் கூட்டிப் போவார். போஸ்ட் டாக்கில் சொந்தக் காலில் நடக்க வேண்டும். பெரும்பாலும் 2 அல்லது 3 வருஷம். பெரிய ஆராய்ச்சி நிலையங்களில் நிரந்தர வேலைக்குப் போகிறவர்களில் பலர் இதைத் தாண்டித்தான் போகிறார்கள்.

அதெல்லாம் சரி, காம்பஸ் பாக்ஸ் கணக்கான ஜியோமெட்ரிக்கு என்ன ஆராய்ச்சி?

ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் பேட்டர்ன் எடுப்பவர்களைக் கேட்டால் தெரியும். ஷூவின் அச்சான லாஸ்ட் எல்லாப் பக்கமும் வளைந்தது. தோலோ தட்டை. லாஸ்ட் மேல் டேப் ஒட்டி, கோடு போட்டு, உரித்து அட்டையில் வைத்தால் படியாது. ஓரம் மடியும், இல்லை விரியும். சாத்துக்குடித் தோலைத் தரையில் வைத்து அழுத்தினால் கிழிகிற மாதிரிதான். இப்படி இரண்டு பக்கமும் வளைந்த பரப்பை இழுக்காமல், கிழிக்காமல் தட்டையாக்கவே முடியாது என்று ஜெர்மனியின் காஸ் 1827-ல் நிரூபித்துவிட்டார்.

அப்படியானால் எங்கே வெட்டு விடுவது, எவ்வளவு இழுப்பது? அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுப்பது ஜியோமெட்ரிக்காரர்களின் வேலை. தழும்பும் ஓட்டையும் உள்ள தோலில் கழிவு குறையத் துண்டுகளை அடுக்குவதும் அதே கணக்குதான். ஸ்கேன் படத்திலிருந்து உறுப்பின் வடிவத்தை எடுப்பதற்கும், ரோபோ கை எதிலும் இடிக்காமல் நகர்வதற்கும் இதுவே அடிப்படை.

இந்த மண்ணுக்கு இது புதுசும் இல்லை. திமிரி இருந்த பழைய வட ஆற்காடு மாவட்டத்துக் குடும்பத்தில், தண்டரையில் 1932-ல் பிறந்தவர் எம்.எஸ்.நரசிம்மன். கிராமத்தில் படிப்பைத் தொடங்கியவர். காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ்.சேஷாத்ரியோடு சேர்ந்து 1965-ல் அவர் வெளியிட்ட ஜியோமெட்ரி தேற்றம் பின்னாளில் இயற்பியலுக்கும் பயன்பட்டது. 2006-ல் மன்னர் பைசல் பரிசு பெற்றார். 2021-ல் காலமானார். இத்தாலியின் திரியெஸ்தேயில், வளரும் நாடுகளின் விஞ்ஞானிகளுக்காக 1964-ல் தொடங்கிய மையத்தில் 1992 முதல் 1999 வரை கணிதப் பிரிவின் தலைவராக இருந்தார். போஸ்ட் டாக் இடங்கள் அங்கும் உண்டு.

ஆனால் முதலில் சென்னையைப் பார்ப்பதே நல்லது. சுத்தக் கணிதத்துக்குத் தரமணி கணித அறிவியல் நிலையமும், சேஷாத்ரி தொடங்கிய சிறுசேரி கணிதக் கழகமும் இருக்கின்றன. இன்ஜினியரிங் பக்கம் ஐ.ஐ.டி., தோல் என்றால் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். கணிதத்துக்கென்றே உதவித்தொகை தருவது அணுசக்தித் துறையின் தேசிய உயர் கணித வாரியம். எல்லா அறிவியல் பிரிவுக்கும் 2 வருஷ உதவித்தொகை தருவது, 2023 சட்டப்படி வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை.

பலர் கோட்டை விடுவது வயதில்தான். அறக்கட்டளை உதவித்தொகைக்கு வரம்பு 35. பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கும் 5 வருஷம் தளர்வு உண்டு. விண்ணப்பத்துக்கு முன்பே, சேர நினைக்கும் நிலையத்தில் ஒரு பேராசிரியரின் சம்மதம் வாங்க வேண்டும். அறிமுகம் இல்லையே என்று தயங்கத் தேவையில்லை. தன் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு பக்கம் எழுதி நேரடியாக மெயில் அனுப்பலாம். இந்தத் துறையில் அதுதான் வழக்கம்.