மலை உச்சியைப் பார்ப்போம்

சபாவிலுள்ள கினபாலு மலையின் உயரம் 4,095 மீட்டர். விடியற்காலையில் அதன் சிகரம் தெளிவாகத் தெரியும். நண்பகலுக்குள் மேகம் மூடிவிடும். பிற்பகலில் மழை பெய்யும். பெரும்பாலான நாள்களில் இதுவே வழக்கம். காரணம் என்ன?

வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடேறுகிறது. அதையொட்டிய காற்று, ஈரத்தைச் சுமந்துகொண்டு மேலே எழும்புகிறது. உயரே போகப் போகக் காற்று குளிர்கிறது. ஈரம் மேகமாகி மழையாக இறங்குகிறது. இரவில் சரிவு குளிர்ந்ததும் காற்று கீழ்நோக்கி வடிகிறது, மேகமும் கலைகிறது. அதனால்தான் கினபாலு ஏறுவோர் பின்னிரவிலேயே புறப்பட்டு, சூரிய உதயத்தை உச்சியில் கண்டு, காலையிலேயே இறங்கிவிடுகிறார்கள்.

உயரம் குறைந்த மலைகளிலும் மேகம் இப்படிக் கூடுவதுண்டு. மேலே கொட்டும் மழையை ஆறு சற்று நேரத்தில் அடிவாரத்துக்குக் கொண்டுவந்துவிடும். 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் கெடாவின் ஜெராய் மலையில் பெய்த கனமழையால், யான் வட்டாரத்தில் வெள்ளம் திடீரெனப் பாய்ந்து உயிர்களைப் பறித்தது.

ஆகவே, மலையடி ஆற்றில் குளிக்கும்போது தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் நம்பவேண்டாம். மலை உச்சியையும் பார்ப்போம். அங்கே மேகம் கறுத்தாலோ, நீர் கலங்கிச் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உடனே கரையேறுவோம்.