பாறைச் சரிவில் விளையும் புளிப்பு

ரசத்துக்குப் புளி கரைக்கும்போது நாம் நீரில் இறக்குவது டார்டாரிக் அமிலத்தை. திராட்சையிலும் அதுவே முக்கியமான அமிலம். ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் ரீஸ்லிங் என்னும் திராட்சையிலிருந்து செய்யும் வெள்ளை ஒயினுக்கு உயிர் கொடுப்பது இந்தப் புளிப்புதான்.

டிரியர் நகரைத் தாண்டி வளைந்து வளைந்து ஓடும் மோசல், கோப்லென்ஸில் ரைன் ஆற்றோடு கலக்கிறது. வழியில் பிரெம் என்ற ஊரையொட்டி நிற்கும் கால்மான்ட் மலைச்சரிவு சில இடங்களில் 60 பாகைக்கும் மேல் செங்குத்தானது. கால் ஊன்றவே சிரமமான அந்தச் சரிவில் திராட்சைக் குலைகளைக் கையால்தான் அறுக்கிறார்கள்.

இவ்வளவு பாடுபடக் காரணம் வெயில். நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 50 பாகை வடக்கே இருக்கும் ஊரில் திராட்சை பழுப்பதே பெரும்பாடு. தெற்கு நோக்கிய சரிவு வெயிலை நேராக வாங்குகிறது. பகலில் சூடேறிய சிலேட்டுப் பாறை, பொழுது சாய்ந்ததும் அந்தச் சூட்டைக் கொடிகளுக்குத் திருப்பித் தருகிறது.

திராட்சைக் காயில் டார்டாரிக்கோடு, பச்சை ஆப்பிளுக்குப் புளிப்புத் தரும் மாலிக் அமிலமும் இருக்கிறது. காய் பழுக்கும்போது அதன் செல்கள் மாலிக் அமிலத்தைச் சுவாசத்துக்குச் செலவழிக்கின்றன. வெப்பம் கூடினால் செலவும் கூடும். அதனால் வெப்ப நாட்டுத் திராட்சையில் இனிப்பு ஏறும்போதே புளிப்பு கரைந்துவிடுகிறது. மோசலின் குளிர்ந்த இரவுகளில் ரீஸ்லிங் அக்டோபர் வரை நிதானமாகப் பழுக்கிறது. இனிப்பு ஏறினாலும் புளிப்பு தங்கிவிடுகிறது.

அந்தப் பழத்தின் ஒயினை 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை குளிரவைத்து அருந்துவார்கள். கோப்பையில் வெளிர் வைக்கோல் நிறம். ஓரத்தில் இளம்பச்சைச் சாயல். முகர்ந்தால் எலுமிச்சைத் தோலும் பச்சை ஆப்பிளும் மணக்கும். பல ஆண்டுகள் கிடந்த ரீஸ்லிங்கில் மெல்லிய மண்ணெண்ணெய் வாசமும் சேரும். பழத்தின் கரோட்டினாய்டு நிறமிகள் சிதைந்து உருவாகும் ஒரு வேதிப்பொருளே அதற்குக் காரணம்.

ஒரு மிடறு பருகியதும் அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் சுவை மொட்டுகளுக்குள் நுழைகின்றன. அவற்றை உள்ளே விடும் வாயில் ஓடோப்1 என்ற புரதம் என்பது 2018இல்தான் தெரியவந்தது. உடனே தாடையோரம் எச்சில் ஊறி வாய் சுத்தமாகிறது; நாக்கு அடுத்த மிடறுக்குத் தயாராகிறது. விழுங்கிய பின் ஆவி தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறும். நாம் சுவை என்று நினைப்பதில் பெரும்பங்கு இந்த மணம்தான்.

மோசலில் பல ஒயின்களின் நொதித்தலை முழுதாக முடியவிடுவதில்லை. ஆல்கஹால் 8, 9 சதவீதத்தில் நிற்க, கொஞ்சம் சர்க்கரை மிஞ்சுகிறது. புளிக்குழம்பில் போடும் சிறு வெல்லக் கட்டியைப் போல, அது புளிப்பின் கூர்மையைத் தணிக்கிறது.

குளிரில் சில புட்டிகளின் அடியிலும் தக்கையிலும் கண்ணாடித் துகள் போன்ற படிகங்கள் ஒட்டியிருக்கும். அது டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசிய உப்பு. இதே அமிலத்தின் வேறோர் உப்பில்தான் லூயி பாஸ்டர் 1848இல் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இருவகைப் படிகங்களைக் கண்டு, கையால் பிரித்தெடுத்தார். மூலக்கூறுகளுக்கு இடம், வலம் உண்டு என்ற அறிவு அங்கிருந்து வளர்ந்தது. புட்டியில் இந்தப் படிகங்களைக் கண்டால் ஒயின் கெட்டுவிட்டதென்று எண்ண வேண்டாம். பழத்தின் புளிப்பில் ஒரு பங்குதான் உப்பாகப் படிந்திருக்கிறது.